நேஹாவின் எச்சிலும் நாலெழுத்து ஜீனும்

போன சனிக்கிழமை, வியட்நாமில் தூ டுக் என்கிற ஊரில் எங்கள் அபார்ட்மென்ட் நீச்சல் குளத்தைப் பத்து வாண்டுகள் கலக்கிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டு நேஹா மட்டும் கரையில்... மற்றவர்களின் டவல்களுக்குக் காவல்!

இத்தனைக்கும் அடுத்த மாத ஸ்கூல் நீச்சல் போட்டிக்கு செலக்ட் ஆனவள். வயசு ஒன்பது. ஜுரம் என்று ஒரு நாள் படுத்ததில்லை.

"என்னடி, உடம்பு சரியில்லையா?" என்றேன்.

"எனக்கு ஜீன் சரியில்லையாம், ஆன்ட்டி."

தூக்கிவாரிப் போட்டது எனக்கு.

அவள் அப்பா செந்தில், அம்மா வித்யா இருவரும் இங்கே ஹைடெக் பார்க்கில் இன்ஜினியர்கள். ஆபீஸில் யாரோ பிள்ளைக்கு ஜீன் டெஸ்ட் எடுத்தார்களாம். விடுவார்களா இவர்கள்? கன்னத்தின் உள்ளே பஞ்சுக்குச்சியால் ஒரு தேய்ப்பு, நாற்பது பக்க ரிப்போர்ட். மகள் டாக்டரா, டான்ஸரா என்று தெரிந்துகொள்ளும் அவசரம்! நடுப்பக்கத்தில் வந்தது வினை. இதயத் துடிப்பில் கோளாறு வரும் வாய்ப்பு 'சற்று அதிகம்'.

வாய்ப்புதான் ஐயா, வியாதி இல்லை. யார் கேட்கிறார்கள்? நீச்சல் கட். சைக்கிள் கட். மாடிப்படிகூட கட்.

அப்புறம் வீடே கோர்ட் ஆனது.

"உங்க பெரியப்பா நாப்பது வயசுல பொசுக்குனு போகல?" இது வித்யா.

"அவரு லாரியில அடிபட்டுப் போனாரு! உங்க மாமா ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்குறாரே, அதைச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக இங்கே இருக்கும் தண்டாயுதபாணி கோயிலுக்குப் போனோம். அர்ச்சனைக்கு எழுதிய துண்டுச் சீட்டில் பெயர், நட்சத்திரத்துக்குக் கீழே ஜீனின் பெயரையும் சேர்த்திருந்தாள் வித்யா. நாலு இங்கிலீஷ் எழுத்து, ஒரு நம்பர். குருக்கள் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"இது எந்த கோத்திரம்மா?"

முருகன் பாடு திண்டாட்டம்தான்!

புதன்கிழமை ஹார்ட் டாக்டரிடம் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். வியட்நாமியப் பெண்மணி. ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதயம் நன்றாக இருக்கிறது. தாராளமாக நீந்தட்டும்" என்றார். பிறகு, "ரிப்போர்ட்டைச் சரியாகப் புரிந்துகொள்ள உங்கள் இருவருக்கும் அதே டெஸ்ட் எடுத்தால் நல்லது. யாரிடமிருந்து வந்தது என்பதும் தெரிந்துவிடும். ஒரு நிமிஷ வேலை."

அடேயப்பா... அப்போது இருவரையும் பார்க்க வேண்டுமே!

செந்திலுக்குத் திடீரென்று மீட்டிங் ஞாபகம் வந்தது. வித்யா ஹேண்ட்பேகுக்குள் எதையோ தேடினாள். "ஏதாவது இருக்குன்னு வந்துட்டா நான் தூங்கவே மாட்டேங்க" என்று என் காதைக் கடித்தாள். பத்து நாளாக 'உன் பக்கம், என் பக்கம்' என்று மல்லுக்கு நின்றவர்கள் இப்போது ஒரே கட்சி.

டாக்டர் வற்புறுத்தவில்லை. "வேண்டாமென்றால் விட்டுவிடலாம். உங்கள் இஷ்டம்."

மெட்ரோவில் திரும்பும்போது நேஹா என்னைச் சுரண்டினாள்.

"வேணாம்னு சொன்னா விட்டுடுவாங்களா, ஆன்ட்டி?"

"ஆமாடா."

"அப்ப என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

எதிர் சீட்டில் செந்தில் போனுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார். அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. கடைசியில் வித்யாதான் வாயைத் திறந்தாள்.

"நாளைக்கு நீச்சல் ப்ராக்டிஸுக்குப் போ... போ."

அவ்வளவுதான். பிள்ளையிடம் 'ஸாரி' சொல்லும் ஜீன் நம்மவர்களுக்குக் கிடையாது. அதைக் கண்டுபிடிக்க டெஸ்ட் எதுவும் தேவையில்லை.