பாதை எடுக்காத மந்திரவாதி

நஜீர் பாயை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். ஆவடியிலோ திருவேற்காட்டிலோ குடியிருந்து, வீட்டில் ஒரு சர்க்கரை வியாதிக்காரரும் இருந்தால், காலை ஆறு மணிக்கு வந்து ரத்தம் எடுத்துப் போனவர் அவராக இருக்கலாம். முகம் ஞாபகம் வராது. ஊசி குத்தும்போது எல்லோரும் சுவரைத்தானே பார்க்கிறோம்!

வயது நாற்பத்து நான்கு. பூந்தமல்லியில் ஒரு அறையும் சமையலறையுமாகத் தனிக்குடித்தனம். குமணன்சாவடியில் ஒரு லேப் வைத்திருக்கிறார்களே, அவர்களுக்காக வீடு வீடாகப் போய் சாம்பிள் எடுக்கிற வேலை. பைக்கின் பின்னால் ஐஸ் பெட்டி, ஐந்தரைக்குக் கிளம்பினால் பத்து மணிக்குள் இருபது வீடு. ஒன்பது வருஷம் படுக்கையில் கிடந்த அம்மாவைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டார். நடுவில் இரண்டு சம்பந்தம் வந்து, கட்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. சவூதியில், தம்மாமில் ஒரு தம்பி இருக்கிறார், பெருநாளுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். அவ்வளவுதான் நஜீர் பாயின் சுற்றமும் நட்பும்.

எனக்கு அவரைத் தெரிந்தது என் அப்பாவின் சர்க்கரையால். அப்பா செங்கல்வராயன், ஆவடித் தொழிற்சாலையில் ஃபிட்டர். நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தோம். வெறும் வயிற்றில் ஒரு தடவை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை என்று இரண்டு முறை ரத்தம் எடுக்க வேண்டும். ஒரு ஞாயிறு அந்த இரண்டாம் தடவைக்கு நஜீர் பாய் வந்தபோது நான் சாப்பாட்டு மேஜையில் வரைபடம் விரித்து, இருபது முகம் கொண்ட டைஸ்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

“இன்னா மேடம் இது, தாயமா?”

“தாயம் இல்லை. கதை,” என்றேன். விளக்குவதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும், எப்போதும் அப்படித்தான். எல்லாரும் மூக்குக்கு மேல் கோபம் என்பார்கள், எனக்கு அது மூக்கைத் தாண்டிப் போய் ரொம்ப நாள் ஆகிறது. இருந்தாலும் சொன்னேன். நான் கதை சொல்லுவேன். மேஜையைச் சுற்றி உட்காருகிறவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் வீரன், ஒருவர் வில்லாளி, ஒருவர் மந்திரவாதி. ஓநாய் வருகிறது, என்ன செய்கிறாய் என்று கேட்பேன். அவர்கள் சொல்வார்கள். நடந்ததா இல்லையா என்று டைஸ் தீர்மானிக்கும். வாராவாரம் ஞாயிறு பதினொரு மணிக்கு ஆரம்பித்து நாலு மணி வரை ஒரே கதை வருஷக்கணக்கில் ஓடும்.

அப்பாவின் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டே நஜீர் பாய் கேட்டார்: “எத்தினி பேரு வோணும் இதுக்கு?”

“மந்திரவாதி ஒருத்தர் குறையுது.”

அடுத்த ஞாயிறு பத்தே முக்காலுக்கு, இஸ்திரி போட்ட சட்டையில், ஒரு பொட்டலம் வெங்காய சமோசாவோடு வாசலில் நின்றார். அப்பா என்னைப் பார்த்து, “உன் கூத்துக்கு இந்த நல்ல மனுஷனையும் இழுத்துட்டியா?” என்றார்.

எங்கள் மேஜைக்கு ஒரு சட்டம் உண்டு, நான் போட்டது. உட்கார்ந்துவிட்டால் வேஷத்தின் பெயரை மட்டும்தான் சொல்லிக் கூப்பிட வேண்டும். பேங்கில் வேலை பார்க்கும் அனுசுயா அங்கே மின்னல்கொடி, வில்லாளி. கம்ப்யூட்டர்காரன் கோகுல்நாத் அங்கே கரடியப்பன், கோடாலி வீரன். உங்கள் மந்திரவாதிக்கு என்ன பெயர் என்று நஜீர் பாயிடம் கேட்டேன்.

“நஜீர்,” என்றார்.

“யோவ், உன் பேரையேவா வெப்பாங்க?” என்று கோகுல் சிரித்தான். “மந்திரவாதிக்கு ஒரு கெத்து வேணாமா?”

“ஊரே பாய், பாய்னுதான் கூப்புடுது. லேப்ல ஸ்டாஃப் நம்பர் சொல்லித்தான். பேரு சொல்லிக் கூப்புட எங்கம்மா இருந்தாங்க. இப்ப யாரு கீறாங்க?” என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு டைஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோகுல் மந்திரவாதியின் பலம், புத்தி எல்லாம் குறிக்கிற தாளை இழுத்து, பெயர் எழுதுகிற இடத்தில் ‘நஜீர்’ என்று எழுதினான்.

ஒன்றரை வருஷம் அந்த மேஜையில் நஜீர் என்ற பெயரை நாங்கள் நூறு தடவை, ஆயிரம் தடவை கூப்பிட்டிருப்போம். நஜீர், உன் முறை. நஜீர், பின்னாலே பார். நஜீர், டைஸை உருட்டித் தொலை! திட்டுவதற்குக் கூப்பிட்டாலும் அந்த மனுஷன் முகம் மலரும்.

பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் வந்தது. ஏப்ரலில் அப்பா ரிட்டயர் ஆனார். ஜூலைக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்து வேப்பம்பட்டில் கட்டின வீட்டுக்குப் போக வேண்டும். கோகுலுக்குப் புனேயில் வேலை கிடைத்தது. அனுசுயாவைக் கோயம்புத்தூருக்கு மாற்றிவிட்டார்கள். சரி, பிரிவதற்குள் கதையை முடித்துவிடுவோம், கடைசிக் கோட்டைக்குள் போய் அரக்கனைக் கொன்றுவிடுவோம் என்று பேசி வைத்தோம். நஜீர் பாய் தலையை ஆட்டினார்.

அங்கேதான் சிக்கல். மந்திரவாதி நாலு லெவல் வரைக்கும் எல்லா வித்தையிலும் கொஞ்சம் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம். ஐந்தாவது லெவலில் ஒரு பாதையை எடுத்தாக வேண்டும், டாக்டர் படித்தவர் கண்ணோ எலும்போ என்று ஒன்றில் நிற்கிற மாதிரி. எங்கள் கதையில் ஐந்து பாதை: தீ, மாயத்தோற்றம், வருவது அறிதல், செத்தவரை எழுப்புதல், காப்பு. ஒருமுறை எடுத்தால் மாற்ற முடியாது. இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நான் பெரிய மேதாவி, ஒரு வருஷத்துக்கு முன்பே ஒரு விதி எழுதி வைத்திருந்தேன்: பாதை எடுத்த மந்திரவாதி கை வைத்தால் மட்டும்தான் கடைசிக் கோட்டையின் கதவு திறக்கும்.

முதல் ஞாயிறு நஜீர் பாய், “யோசிச்சு சொல்றேன் மேடம்,” என்றார். நியாயம்தான். இரண்டாவது ஞாயிறு ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். ஒவ்வொரு பாதைக்கும் ஒரு பக்கம், நல்லது இந்தப் பக்கம், கெட்டது அந்தப் பக்கம். மூன்றாவது ஞாயிறு தீ என்று முடிவு செய்து, சமோசா தின்று முடிப்பதற்குள் மனம் மாறிவிட்டார். நடுவில் ஒரு புதன்கிழமை வேலை நேரத்தில் போன் செய்து, “இந்த மாயத்தோற்றம் எத்தினி அடி தூரம் வரிக்கும் தெரியும்?” என்று கேட்டார். நாலாவது ஞாயிறும் போயிற்று. கதவு திறக்காததால் எங்கள் கூட்டம் கோட்டைக்கு வெளியே சேற்றில் ராட்சதத் தவளைகளை அடித்துக்கொண்டிருந்தது.

“இந்த ரேட்ல போனா தவளை அடிச்சே நானும் ரிட்டயர் ஆயிடுவேன்,” என்றான் கோகுல்.

ஐந்தாவது ஞாயிறு. கூடத்தில் பாதிச் சாமான் பெட்டியில் ஏறிவிட்டது. வெயிலும் புழுக்கமும். நோட்டைப் புரட்டிவிட்டு நஜீர் பாய், “அடுத்த வாரம் கண்டிசனா சொல்லிர்றேன்,” என்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தச் சனியன் பிடித்த கோபம்.

“அஞ்சு வாரமா? பொண்ணு பாக்கப் போறவங்ககூட இவ்ளோ யோசிக்கமாட்டாங்க! வேற வேலையே இல்லையா பாய் உங்களுக்கு?”

மேஜையில் அவரைப் பாய் என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பெண் பார்க்கிற பேச்சை யாரிடம் எடுக்கிறோம் என்பதும் வாயை விட்டு வந்த பிறகுதான் உறைத்தது. என் நாக்கை அறுத்துப் போட்டால் என்ன?

அவர் நோட்டை மூடினார். கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“இல்ல மேடம். ஞாயித்துக்கெழமைல வேற வேலை இல்ல.” பிறகு மெதுவாகச் சொன்னார்: “நான் பாதை எடுத்தா கதவு தொறந்துரும். தொறந்தா கதை முடிஞ்சிரும். நீங்கல்லாம் பூடுவீங்க. அதான் இழுத்துகினு கீறேன். தப்புதான், மன்னிச்சுக்கோங்க.”

அனுசுயா எழுந்து சமையலறைக்குப் போனாள், குழாய் ஓடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. கோகுல் அவர் தோளில் கை வைத்தான். “யார்யா பூடுவாங்க? போன்ல ஆடலாம் நஜீர். வீடியோ போட்டுகினு. புனே இன்னா சந்திரமண்டலமா?”

“ஆமாம்,” என்றேன் நானும் அவசரமாக. “இதே ஞாயிறு, இதே பதினொரு மணி. நான் லிங்க் அனுப்பறேன். புதுக் கதை. சத்தியமா.”

அவர் எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, தன் தாளில் ஐந்து வாரமாகக் காலியாகக் கிடந்த கட்டத்தில் ‘காப்பு’ என்று எழுதினார்.

காப்பு என்றால், பக்கத்தில் நிற்கிறவர் மேல் விழுகிற அடியைத் தன் மேல் வாங்கிக்கொள்கிற வித்தை. அடி விழும் முன் அவர் பெயரைச் சத்தமாகக் கூப்பிட வேண்டும். தனியாக நிற்கிற மந்திரவாதிக்குக் கால் காசுக்குப் பிரயோஜனம் இல்லை. கோகுலே, “தீ எடு நஜீர், பத்து பேரைக் கொளுத்தலாம்,” என்றான்.

“தீ தனி ஆளா இருந்தாலும் எடுக்கலாம். இத நாலு பேரு கூட இருக்கசொல்லவே எடுத்துடணும்,” என்றார் அவர்.

அடுத்த ஞாயிறு கதவு திறந்தது. ஐந்து மணி நேரச் சண்டை. அந்த மனுஷன் நாற்காலியில் உட்காரவே இல்லை. அரக்கன் கை ஓங்கும்போதெல்லாம் “மின்னல்கொடி!” என்று கத்துவார், “கரடியப்பா!” என்று கத்துவார். பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வருகிற அடி எல்லாம் அவர் கணக்கில் ஏறியது. கடைசி அடி அனுசுயாவுக்கு வந்தது. தாங்கினால் செத்துவிடுவீர்கள் என்று சொன்னேன், சொல்லி முடிப்பதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார். அரக்கன் ஒழிந்தான். மந்திரவாதி நஜீரும் போனார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “சூப்பரா இருந்திச்சு மேடம்,” என்று சிரித்தார். மிச்சம் இருந்த சமோசாவை அப்பாவுக்குத் தெரியாமல் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு பைக்கைக் கிளப்பினார்.

ஆகஸ்டில் லிங்க் அனுப்பினேன், வாராவாரம் ஞாயிறு பதினொரு மணிக்கு அதே லிங்க் வேலை செய்கிற மாதிரி. முதல் ஞாயிறு எல்லோரும் வந்தோம், யாருக்குப் புது வேஷம் என்று பேசியே பொழுது போனது. இரண்டாவது ஞாயிறு கோகுலின் நெட் சொதப்பிற்று. மூன்றாவது வாரம் அனுசுயாவுக்கு விருந்தாளிகள். அடுத்த வாரம் எனக்கே வீட்டில் பெயின்ட் வேலை. அப்படியே விட்டுப்போயிற்று. யாரும் வேண்டுமென்று விடவில்லை. அப்பாவுக்கு ரத்தம் எடுக்க இப்போது வேறொரு பையன் வருகிறான், வேப்பம்பட்டு நஜீர் பாயின் எல்லைக்குள் வராது.

டிசம்பரில் என் மெயில் பெட்டி நிறைந்துவிட்டது, அழித்தால்தான் புதிது வரும் என்றது. உட்கார்ந்து அழித்துக்கொண்டிருந்தேன். நான் திறந்தே பார்க்காத ஒரே மாதிரி மெயில் வரிசையாக வந்தது. ‘உங்கள் கூட்டத்துக்கு நஜீர் வந்திருக்கிறார். உள்ளே அனுமதிக்கக் காத்திருக்கிறார்.’ ஞாயிறு, காலை 10.58. அதற்கு முந்தின ஞாயிறு, 10.57. அதற்கும் முந்தினது. எண்ணினேன். பதினாறு இருந்தன.

நான் திறந்துவிட்டால்தான் அவர் உள்ளே வர முடியும். பதினாறு ஞாயிறு அந்த மனுஷன் மூடின கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார். ஒரு போன் செய்யவில்லை, ஒரு மெசேஜ் போடவில்லை. பாவி நான், ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தேனா? அன்று செவ்வாய். போன் செய்யக் கை வரவில்லை, என்ன சொல்லிப் பேச்சை ஆரம்பிப்பது? அழுதேன். ஞாயிறு வரட்டும் என்று இருந்தேன்.

ஞாயிறு பத்தரைக்கே திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வெளியே மழை. 10.58க்கு அவர் பெயர் வந்தது. உள்ளே விட்டேன். இஸ்திரி போட்ட சட்டை. பின்னால் அம்மாவின் கட்டில், மேலே போர்வை மடித்து வைத்திருந்தது. என்னைக் கண்டதும் பதறிப்போனார்.

“மேடம்! வந்துட்டீங்களா? நெட்டு கிட்டு ப்ராப்ளமா இருந்திச்சா இத்தினி நாளா? நானும் நெனச்சேன்.”

பொய்யை அவரே எடுத்துக் கொடுக்கிறார், அதையும் வாங்கத் துப்பில்லை எனக்கு.

“போன் பண்ணியிருக்கலாம் இல்ல நஜீர்?”

“எல்லாரும் வேலையா இருப்பீங்க. லிங்க் இன்னும் வேலை செய்யிதுல்ல, அப்ப யாராச்சும் வருவீங்கன்னுதான்.” அவர் ஒரு புதுத் தாளைத் தூக்கி கேமராவுக்கு நேராகப் பிடித்தார். “பழைய ஆளு செத்துட்டான் இல்ல? புது மந்திரவாதி போட்டு வெச்சிருக்கேன் மேடம். பலம், புத்தி, ஊரு எல்லாம் எழுதிட்டேன். எந்தப் பாதைன்னு மட்டும் எழுதல. அவசரம் ஒண்ணும் இல்லியே?”

தாளில் அந்த ஒரு கட்டமும், மேலே பெயர் எழுதுகிற இடமும் காலியாக இருந்தன.

“ஒரு அவசரமும் இல்லை, நஜீர்,” என்றேன். “பத்து வருஷம்கூட எடுத்துக்கோங்க. ஆனா பேரை மட்டும் மாத்திக்கீத்தி வெச்சீங்க, உள்ளே விடமாட்டேன், சொல்லிட்டேன்.”