பஸ்ஸில் போன என் வண்டி

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். முதலில் கார் ஓட்டும் லைசென்ஸ் எடுத்தவளும் நான்தான். இந்த இரண்டையும் யாரும் கேட்காமலேயே சொல்லிவிடுவேன். கேட்டால் அட்டையையும் எடுத்துக் காட்டுவேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி ஏற்றி ஓய்ந்துபோன ஒரு பழைய வேனை வாங்கினேன். பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு, பாலவாக்கத்தில் எங்கள் தெருவிலேயே இருக்கும் தச்சரை வைத்து ஒரு பலகைக் கட்டில் போட்டேன். கட்டிலுக்கு அடியில் சின்ன அடுப்பு, தண்ணீர் கேன், துணிப் பெட்டி. ஜன்னலுக்கு அம்மாவின் பழைய புடவையில் திரை. வெளிநாட்டுக்காரர்கள் வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றிக்கொண்டு காடு மலை என்று சுற்றும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை இது. அவர்கள் வண்டியில் சோபா, குளியலறை, ஒரு நாய் எல்லாம் இருக்கும். என் வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும்.

இந்த வண்டியில் தனியாக ஜவ்வாது மலைக்குப் போய் நான்கு நாள் சுற்றிவிட்டு வருவது என்று முடிவு செய்தேன். அப்பா கடலுக்குப் போகிறவர். கரையில் நடக்கிற சண்டைகளில் அவர் தலையிடுவதில்லை. அம்மா அடையாறில் மீன் விற்கிறவள். அவளுக்கு எல்லாச் சண்டையும் கரையில்தான்.

"தனியாவா? இன்னாடி, பேய் கீய் புடிச்சிகீதா உனக்கு?"

"லைசென்ஸ் இருக்கும்மா."

"லைசென்ஸ் வண்டிக்குத்தான். உனக்கு யாரு குடுத்தா?"

மூன்று நாள் சண்டைக்குப் பிறகு அம்மா ஒரு பரீட்சை வைத்தாள். ஐந்து நாள் ஊருக்குள்ளேயே வண்டியில் இருக்க வேண்டும். சொந்தக்காரர்களை எல்லாம் போய்ப் பார்க்க வேண்டும். எங்கே இருக்கிறேன் என்று குடும்ப வாட்சப் குரூப்பில் லொகேஷன் போட்டபடியே இருக்க வேண்டும். தேறினால் சனிக்கிழமை மலைக்குக் கிளம்பலாம். ஒரு புகார் வந்தாலும் அண்ணனும் கூட வருவான்.

அண்ணனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லித்தரத் தெரியும். "கட் அடி, கட் அடி, ஏய் பிரேக்கு" என்று பக்கத்து சீட்டிலிருந்து கத்துவான். அவன் கூட வந்தால் நான் மலையைப் பார்க்க முடியாது, அவனைத்தான் பார்க்க முடியும். ஆகவே இந்தப் பரீட்சையில் தோற்பதில்லை என்று கிளம்பினேன். இதற்கு முன் எழுதிய எந்தப் பரீட்சையிலும் நான் தோற்றதில்லை. அதையும் கேட்காமலே சொல்லிவிடுகிறேன்.

உறவினர்களைப் பார்ப்பதில் எனக்கும் ஓர் ஆதாயம் இருந்தது. என் வண்டியில் இல்லாத ஒன்று அவர்கள் வீடுகளில் இருந்தது. காலை ஐந்தரை மணிக்குக் கதவைத் தட்டி "உங்களப் பாக்கணும்போல இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு நேராகப் பின்பக்கம் ஓடுகிற பெண்ணின் பாசத்தை மயிலாப்பூர் பெரியம்மா முதலில் அப்படியே நம்பினாள். இரண்டாம் நாள் வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டே கதவைத் திறந்தாள்.

லொகேஷன்தான் உயிரை எடுத்தது. வரைபடத்தில் என் படம் ஒரு சின்ன வட்டத்துக்குள் நகரும். பட்டம் வாங்கிய அன்று கறுப்பு அங்கியும் தொப்பியுமாக எடுத்த படம். அந்தத் தொப்பிக்காரி எந்தத் தெருவில் எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று மொத்தக் குடும்பமும் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் குரூப்பில் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் எல்லாம் குரலாகத்தான் வரும்.

"பெரியம்மா வூட்ல மூணு மணி நேரம் நின்னுகினு இருந்த. என் வூட்ல முக்கா மணி நேரந்தானா? நான் சோறு போடலியா, இன்னா?" இது தி.நகரில் துணிக்கடையில் வேலை செய்யும் சித்தி.

நிற்கிற இடத்துக்கே ஆள் வந்துவிடுவதும் உண்டு. தெப்பக்குளத்தின் ஓரமாக வண்டியைப் போட்டு, கதவைத் திறந்துவைத்து, காலை நீட்டி உட்கார்ந்து, புறா பறப்பதைப் பார்க்கலாம் என்றால் பெரியம்மா தூக்குவாளியோடு நிற்பாள். "படத்துல பக்கமாக் காட்டுச்சு கண்ணு, அதான் வத்தக்குழம்பு எடுத்தாந்தேன்." தி.நகர் பனகல் பூங்கா மரத்தடியில் நிறுத்தியபோது சித்தி சாப்பாட்டு இடைவேளையில் கூடவே இரண்டு தோழிகளை அழைத்துக்கொண்டு வந்து கட்டிலைச் சுற்றிக் காட்டினாள். மூவரும் அதில் ஏறிப் படுத்தும் பார்த்தார்கள். தனியாகச் சுற்றுவது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளக் கிளம்பியவள், மூன்று நாளில் பல் தேய்க்கும்போது மட்டும்தான் தனியாக இருந்தேன்.

நான்காம் நாள் ஆற்று முகத்துவாரத்துக்குப் போக ஆசைப்பட்டேன். அடையாறு கடலில் சேரும் இடத்தில் ஓர் உடைந்த பாலம் நிற்கிறது. விடிந்ததும் அங்கே மணல்திட்டில் பறவைகள் இறங்கும். ஒரே ஒரு காலைப்பொழுது, குழம்பும் குரலும் இல்லாமல், அதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

முந்தின இரவு வண்டி கோட்டூர்புரத்தில் அத்தை வீட்டு வாசலில் நின்றது. அத்தை அப்பாவின் தங்கை. அம்மாவுக்கும் அவளுக்கும் முப்பது வருஷப் போட்டி. எதற்குப் போட்டி என்பது இருவருக்குமே மறந்துவிட்டது, போட்டி மட்டும் மறக்கவில்லை. என்னைப் படிக்கவைத்தபோது "பொம்பளப் புள்ளைய இவ்ளோ படிக்க வச்சா நம்மளையே ஏமாத்தும்" என்று சொன்னவள் அவள்தான். அத்தை மயிலாப்பூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குப் போகிறாள். தினமும் காலை ஆறரை மணி பஸ்.

அன்று காலை அத்தை குளிக்கப் போனதும் அவளுடைய ஒயர் கூடையைத் திறந்தேன். டிபன் டப்பா, துண்டு, தண்ணீர் பாட்டில். லொகேஷனைப் புதுப்பித்து, சத்தத்தை அடைத்து, என் ஃபோனைத் துண்டுக்கு அடியில் செருகினேன். அத்தை மயிலாப்பூர் போனால் நானும் மயிலாப்பூர் போனதாகப் படத்தில் தெரியும். பெரியம்மா வீடு அங்கேதானே, யாருக்கும் சந்தேகம் வராது. சாயங்காலம் அத்தை திரும்பி வந்ததும், "ஐயோ, தவறிப்போய் உங்க கூடையில வச்சிட்டேன்" என்று வாங்கிக்கொள்ளலாம். கணினி அறிவியல் படித்தவளின் திட்டம், பிசகாது என்று நினைத்தேன்.

அத்தை பஸ் ஏறியதை வண்டியிலிருந்தே பார்த்து, கையும் காட்டிவிட்டு, எதிர்த்திசையில் திரும்பினேன்.

பெசன்ட் நகர் குப்பத்தின் ஓரமாக வண்டியை நிறுத்தி, மணலில் நடந்து பாலத்துக்குப் போனேன். தண்ணீர் வற்றும் நேரம். ஆலாப் பறவைகள் வரிசையாகக் காற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. உள்ளான்கள் ஓடி ஓடி ஈர மணலைக் குத்தின. பாலம் முடிகிற இடத்தில் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தார். அந்த முதுகைப்போல அன்பான ஒன்றை நான் அந்த வாரம் பார்க்கவில்லை. இரண்டு மணி நேரம் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. வண்டிக்குத் திரும்பி வந்து, அடுப்பைப் பற்றவைத்து, டீத்தூளைப் போட்டேன்.

"சக்கர கம்மியாப் போடு."

அம்மா நின்றுகொண்டிருந்தாள். மீன் வெட்டுகிற சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்க்காமலே ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தாள்.

"எப்படிம்மா..."

"உன் மூஞ்சி பஸ்ல போச்சு." ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "கோட்டூர்புரத்துலேர்ந்து பாத்துகினே இருந்தேன். ஒவ்வொரு ஸ்டாப்புலயும் நின்னு நின்னு போச்சு. உன் வண்டி எந்த ஸ்டாப்புல நிக்கும்? நீ சிக்னல்லயே நிக்கமாட்ட."

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் இந்தச் சாலைகளில் இருபத்தைந்து வருஷம் மீன் கூடையோடு பஸ்ஸில் போனவள். எந்த வளைவில் எந்த ஸ்டாப் என்பது அவளுக்கு மனப்பாடம். பஸ் என்று தெரிந்ததும், கரையோரம் மீன் விற்கும் தோழிகளுக்கு வரிசையாக ஃபோன் போட்டிருக்கிறாள். மூன்றாவது ஆளே, "புடவ கட்டின வேனா? இங்கதான் கீதுக்கா" என்று சொல்லிவிட்டாளாம்.

"சரி, முடிஞ்சிது," என்றாள். "சனிக்கெழம உங்கண்ணன் வரான். பேசாத."

டீ பொங்கி அடுப்பை அணைத்தது. ஐந்து நாள் பரீட்சையில் நான்காம் நாள் காப்பியடித்து மாட்டிக்கொண்டவள் என்ன பேசுவாள்?

அப்போது அம்மாவின் ஃபோன் அடித்தது. பெரியம்மா. ஸ்பீக்கரில் போட்டாள். பெரியம்மா ரகசியம் பேசுவதுபோல், ஆனால் உரக்கப் பேசினாள்.

"தங்கச்சி, பதறாத. பொண்ணு ரெண்டு மணி நேரமா பிரசவ ஆஸ்பத்திரிலயே கீறாடி!"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன். ஃபோனை எங்கே வைக்கலாம் என்று யோசித்தேனே தவிர, அது எங்கே போய் நிற்கும் என்று யோசிக்கவில்லை.

"உன் நாத்தனார்தான் கமுக்கமா இட்டுகினு போயிருக்கா. நான் இப்போ வாசல்லதான் நிக்கிறேன். சித்தியும் கடையில சொல்லிட்டு வந்துகினு இருக்கா. இன்னாவோ, எதுவோ, நம்ம புள்ள. நாம பாத்துக்கலாம்."

"அக்கா, நில்லு, நான் சொல்றத..."

"அய்யோ, உன் நாத்தனார் வரா, தொடப்பத்தோட வரா!" பெரியம்மா ஃபோனை வைக்காமலேயே கையை இறக்கிவிட்டாள் போலிருக்கிறது. எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"எங்க எம்பொண்ணு? எந்த ரூமு?"

"இன்னா ரூமு? உங்க பொண்ணு இன்னாத்துக்கு இங்க வரா?"

"படத்துல காட்டுது! நீதான் ஒளிச்சி வச்சிகீற!"

"நான் தரை தொடச்சிகினு கீறேன், எவள ஒளிச்சி வச்சேன்? இந்தா, கூடையப் பாத்துக்க, இதுல கீறாளா பாரு!"

கொஞ்ச நேரம் டப்பா உருளும் சத்தம். பிறகு, "இது அவ ஃபோனாச்சே!" என்று பெரியம்மாவின் குரல். ஆஸ்பத்திரியில் எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது. கூடையின் அடியிலிருந்து கறுப்பு அங்கித் தொப்பிக்காரியை அவர்கள் எடுத்துவிட்டார்கள் என்று புரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா முறைத்தாள். அவளுடைய வாயோரமும் துடித்துக்கொண்டிருந்தது.

அத்தை பெரியம்மாவின் ஃபோனை வாங்கினாள்.

"அண்ணி, உங்க பொண்ணு இன்னா வேல பண்ணிகீறா பாருங்க. ஃபோன என் கூடையில போட்டுட்டு எங்கியோ சுத்தப் போய்ட்டா. நான் அன்னிக்கே சொல்லல? படிக்க வச்சா நம்மளையே ஏமாத்தும்னு சொன்னனா இல்லியா?"

அம்மாவின் வாயோரம் துடிப்பது நின்றது. சாக்கை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"யாரு ஏமாத்துனா? அவ காலையிலேர்ந்து எங்கூடத்தான் கீறா. இந்தா, டீ போட்டுகினு கீறா. ஃபோன மறந்து உன் கூடையில வச்சிட்டா. நீ கூடையக்கூட பாக்காமத் தூக்கிகினு போயிருக்க. படிச்ச பொண்ணு, ஆயிரம் யோசன இருக்கும், மறக்கும். உனக்கு இன்னா யோசன?"

"அண்ணி..."

"ஒரு பொண்ணு ஃபோன ஆஸ்பத்திரில ரெண்டு மணி நேரம் வச்சிகினு இருந்திருக்க. ஊரு இன்னா பேசும்? நீதான் பொறுப்பு. சாயங்காலம் பத்தரமா கொணாந்து குடு."

வைத்துவிட்டாள். பிறகு வண்டியின் படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். நான் சிந்தாமல் மிச்சமிருந்த டீயை அவளுக்குக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தாள்.

"சக்கர கம்மிதான்," என்றாள், குறையாக.

நான் காத்திருந்தேன். பொய் சொன்ன இரண்டு பேர் ஒரே படியில் உட்கார்ந்திருக்கும்போது அவசரப்படக் கூடாது. டம்ளர் காலியானதும் மெதுவாகக் கேட்டேன்.

"அப்போ சனிக்கிழமை அண்ணன் வரானாம்மா?"

அம்மா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன அனுப்ச்சா, இன்னாத்துக்கு அனுப்புறீங்கன்னு உங்கத்த கேப்பா."

"கேப்பாங்கதான்."

"நீ திருட்டுத்தனம் பண்ணிட்டன்னு நானே ஒத்துகினாப்புல ஆயிடும்."

"ஆமாம்மா, அப்படித்தான் ஆயிடும்," என்றேன், மிகுந்த வருத்தத்தோடு.

ஓங்கி முதுகில் ஒன்று வைத்தாள். வலித்தது. "சிரிக்காத. உனக்காகப் பண்ணல நானு."

அது எனக்குத் தெரியும். ஆனால் யாருக்காகச் செய்தாலும் மலை அதே மலைதான்.

அம்மா தன் ஃபோனை எடுத்தாள். குரூப்பைத் திறந்து, பேசுவதற்கான பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தெருவில் மீன் கூவுகிற அதே குரலில் சொன்னாள். "எல்லாரும் கேட்டுக்கங்க. சனிக்கெழம எம்பொண்ணு தனியா மலைக்குப் போறா. நான்தான் போவச் சொன்னேன். யாருக்காச்சும் இன்னா ஏதுன்னு கேக்கணும்னா என்னக் கேளுங்க. அவளக் கேக்காதீங்க."

விரலை எடுத்தாள். போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தாள். பிறகு தான் பேசியதைத் தானே போட்டுக் கேட்டாள். முகம் மலர்ந்தது. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "மார்க்கெட்டுக்கு உடு, வஞ்சிரம் அப்டியே கெடக்குது" என்று சொல்லிவிட்டு, இன்னொரு முறை போட்டுக் கேட்டாள்.