மாடிப்படி முனையில் எலுமிச்சை வாசனை

முதலில் பெரியவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. வேளாண் அலுவலகத்துக்கு மனு எழுதியதைத் தவிர வேறு எதையும் எழுதியவன் இல்லை. நாலு பேர் கூடிய இடத்தில் பேசவும் எனக்கு வராது. நம் உறவில் ஆசிரியர்கள் இருக்கும்போது நான் பேனா எடுத்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் அக்காவின் முதலாண்டு நினைவு மலருக்கு எழுதச் சொல்லி, அக்கா மகள் பிரான்சிலிருந்து தொலைபேசியில், "மாமா, அம்மாவோட கடைசி மாசங்கள்ல பக்கத்துல இருந்தது நீங்க. வேற யாரு எழுதுனாலும் சரியா இருக்காது" என்று சொல்லிவிட்டாள். எழுதினால் ஒரு விஷயத்தை மறைக்க முடியாது என்பதால் மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். இனித் தள்ள முடியாது.

அக்கா பிறந்தது காரைக்கால் பக்கம் விழிதியூரில். நானும் அக்காவும் இரண்டே பேர். எனக்கு அவர் பதினோரு வயது மூத்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று வயலுக்கு ஓடிப்போய் காலை நனைத்துக்கொண்டு வருவார் என்று அப்பா சொல்வார்.

பத்தொன்பது வயதில் காரைக்காலில் கல்யாணம். அத்தான் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர், அந்த நாட்டுப் பட்டாளத்தில் இருந்தவர். அக்கா மொழி தெரியாத ஊருக்குப் போய், முதியோர் இல்லத்தில் துணி துவைத்து, பெண்ணைப் படிக்கவைத்தார். ஒரு நாளும் கஷ்டம் என்று கடிதத்தில் எழுதியதில்லை. குளிர் மட்டும் எழுதுவார். அந்த ஊரில் பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் ஜன்னலில் தொட்டி வைத்து ஒரு செடி வளர்த்தாராம். ஒரு கிளையை ஒடித்து அக்காவுக்குக் கொடுத்தார். அப்படித்தான் ஜெரேனியம் அக்கா வாழ்க்கைக்குள் வந்தது. அக்கா அதைப் பிரெஞ்சுக்காரர்கள் போல "ழெரானியம்" என்றுதான் சொல்வார்.

அத்தான் காலமான பிறகு அக்கா காரைக்காலுக்கே திரும்பிவிட்டார். கீழ் வீட்டில் குடித்தனக்காரர்கள், மாடியில் அக்கா. வந்த மறுவருடம் கொடைக்கானல் போய், ஒரு நர்சரியிலிருந்து ஐந்து வகைச் செடிகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நம் ஊர் வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் பிழைக்காது என்று எல்லோரும் சொன்னோம். மணலும் செங்கல் தூளும் கலந்து, வீட்டுக்குள் அழிக்கம்பி அடைத்த நடையில் காலை வெயில் மட்டும் படும்படி வைத்து, ஐந்தையும் பிழைக்கவைத்தார்.

பார்க்க வருகிற பெண்கள் பூவை மோந்து பார்ப்பார்கள். நம் வழக்கம் அதுதானே.

"என்னங்க, பிரான்சுச் செடின்னு சொன்னீங்க, ஒரு வாசமும் காணோம்?"

"பூவுல தேடுனா எப்படிம்மா கிடைக்கும்? இலையத் தடவிட்டு வெரல மோந்து பாரு."

"அட, ரோசாப்பூ! இலையிலயா?" என்பார்கள். அக்காவுக்கு அந்த 'அட' கேட்பதில் ஆசை. பூக்காரி ஒருத்தி மட்டும், "தலையில வைக்க ஆவாத செடிக்கு இம்புட்டு உபசாரமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அதைச் சொல்லிச் சொல்லி அக்கா சிரிப்பார்.

வகைகளை நான் அறிந்த வரையில் எழுதுகிறேன். ரோஜா வாசனைச் செடிக்கு இலை கை விரித்தாற்போல ஆழமாகக் கிழிந்திருக்கும். எலுமிச்சைக்கு இலை சின்னது, ஓரம் சுருண்டு மொரமொரப்பாக இருக்கும். புதினா வாசனைச் செடிக்குப் பெரிய இலை, கன்றுக்குட்டிக் காது மாதிரி மெத்தென்று. ஆப்பிள் வாசனைக்கு வட்ட இலை, தொட்டிக்கு வெளியே தொங்கும். ஜாதிக்காய் வாசனைக்குச் சாம்பல் பூத்த பொடி இலை. பாயசத்தில் ஜாதிக்காய் போட்டால் வருமே, அதே வாசனை.

ஆறு வருடத்துக்கு முன்னால் சர்க்கரை வியாதியால் அக்காவின் பார்வை குறைய ஆரம்பித்தது. கடைசியில் வெளிச்சம், இருட்டு மட்டும்தான் தெரிந்தது. மகள் அங்கே வந்துவிடச் சொல்லி அழுதாள். அக்கா போகவில்லை. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுத் தொட்டிகளை இடம் மாற்றச் சொன்னார். படுக்கையறை வாசலில் ஜாதிக்காய். அடுப்படி வாசலில் ரோஜா. குளியலறைக்குப் புதினா. நாற்காலி போட்ட ஜன்னலுக்கு ஆப்பிள். மாடிப்படி முனையில் எலுமிச்சை. சுவரைத் தடவிக்கொண்டு நடப்பார். கைக்கு இலை பட்டதும் உரசி மோந்து பார்ப்பார், எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும்.

"எலுமிச்சைன்னா நில்லுன்னு அர்த்தம். போலீஸ்காரரு கை காட்டுற மாதிரி" என்பார். அப்படியே மூன்று வருடம், யார் துணையும் இல்லாமல், ஒரு முறைகூட விழாமல் அந்த வீட்டில் நடந்தார்.

போன வருடத்துக்கு முந்தைய ஐப்பசியில் காலில் புண் வந்து, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆட்டோவில் ஏறும்போது சாவியை என் கையில் கொடுத்தார்.

"தம்பி, வாரத்துக்கு ஒரு டம்ளர். அதுக்கு மேல ஊத்தக் கூடாது. மண்ணு காஞ்சு கெடந்தாலும் ஊத்தக் கூடாது. கேக்குதா?"

"சரிக்கா."

பக்கத்தில் நின்ற குடித்தனக்கார அம்மாளிடம், "இவங்கிட்ட செடியக் குடுத்தா அதுக்கு நீச்சல் கத்துக் குடுத்துருவான். கொஞ்சம் பாத்துக்கங்க" என்றார். நானும் சிரித்தேன்.

விழிதியூரிலிருந்து தினமும் வண்டியில் போய்ப் பார்த்தேன். மண் வெளுத்துக் காய்ந்து கிடந்தது. முப்பது வருடம் நெல்லுக்குத் தண்ணீர் கட்டியவன் நான். வெடித்த மண்ணைப் பார்த்தால் எனக்கே நா வறளும். மூன்றாம் நாள் ஒரு சொம்பு ஊற்றினேன். இலை தளர்ந்தது. தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். மேலும் தளர்ந்தது. காலையும் மாலையும் ஊற்றினேன். தண்டு அடியில் கறுத்து, தொட்டால் வழவழவென்று கையோடு வந்தபோதுதான் வேர் அழுகியது புரிந்தது. மூன்று வாரத்தில் ஐந்தும் போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா போன் செய்து, "செடியெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா இருக்குக்கா."

அக்கா வீடு திரும்புவதற்கு முதல் நாள், திருநள்ளாறு போகும் சாலையில் இருக்கும் செடிக்கடையில் வாசனை உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். துளசி, ஓமவல்லி, திருநீற்றுப்பச்சிலை, மருக்கொழுந்து. ஐந்தாவது கிடைக்காமல் ஜன்னல் தொட்டியிலும் துளசியே வைத்தேன். அக்காவை ஏமாற்ற அல்ல, வெறும் தொட்டியாக இருக்க வேண்டாம் என்றுதான் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் வந்து, கட்டுப் போட்ட காலோடு சற்று நேரம் படுத்திருந்தார். நான் அடுப்படியில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்தது தெரியவில்லை. நடையிலிருந்து குரல் வந்தது.

"தம்பி, நான் எங்கடா நிக்கிறேன்?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். மாடிப்படி முனையில் நின்றார். கையில் மருக்கொழுந்து. இன்னும் ஒரு அடிதான். தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். அவர் விரலை மறுபடி மறுபடி மோந்துகொண்டே இருந்தார்.

"எலுமிச்சை எங்க?"

"மழையில போயிருச்சுக்கா. எல்லாமே."

"மழையா, நீயா?" என்றார் அக்கா.

கஞ்சி பொங்குகிறது என்று சொல்லி எழப் பார்த்தேன்.

"சரி, மழைன்னே வச்சுக்குவோம்" என்றார்.

அதன் பிறகு அக்கா தனியாக நடக்கவே இல்லை. நான் அங்கேயே தங்கிவிட்டேன். அடுப்படிக்குப் போகவும் குரல் கொடுப்பார், குளியலறைக்கும் குரல் கொடுப்பார். மற்ற நேரமெல்லாம் கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பார். யாரையும் எதற்கும் கூப்பிடாமல் வாழ்ந்தவர், தண்ணீர் குடிக்க என்னைக் கூப்பிட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இதில் இன்னொரு தவறும் உண்டு. திருமலைராயன்பட்டினத்தில் இருக்கும் ஜொஹராம்மா, கண் ஆஸ்பத்திரி வரிசையில் அக்காவுக்குப் பழக்கமானவர். அவருக்கு அக்கா எலுமிச்சைக் கிளை கொடுத்திருந்தது எனக்குத் தெரியும். அரை மணி நேரப் பயணம்தான். போய்க் கேட்டால், இங்கே இருந்தது என்ன ஆயிற்று என்று கேட்பாரே என்ற வெட்கத்தில் போகவில்லை. இன்று போகலாம், நாளை போகலாம் என்று ஐப்பசி போய், கார்த்திகை போய், மார்கழியும் போயிற்று.

பொங்கல் முடிந்து ஜொஹராம்மா தாமாகவே அக்காவைப் பார்க்க வந்தார். தொட்டிகளில் வேறு செடி நிற்பதையும் சொதசொதத்த மண்ணையும் பார்த்ததும் என் பக்கம் திரும்பினார்.

"யா அல்லாஹ், தொட்டியில தண்ணி கட்டி நாத்தங்கால் விட்டீங்களா தம்பி?"

"தெரியாம ஊத்திட்டேங்க" என்றேன். அக்கா காதில் விழும்படி நான் ஒப்புக்கொண்டது அந்த ஒரு முறைதான். அதுவும் இன்னொருவரிடம்.

"அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா மறுநாளே கொண்டாந்திருப்பேனே" என்றார் அவர்.

கட்டிலிலிருந்து அக்கா, "விடு ஜொஹரா. விழிதியூர்க்காரனாச்சே, காஞ்ச மண்ணப் பாத்தா பொறுக்குமா?" என்றார்.

இரண்டு நாளில் ஜொஹராம்மா ஒரு கைப்பிடி இலையும் இரண்டு கிளையும் கொண்டுவந்தார். அன்று முழுவதும் அக்கா அந்த இலையைக் கையிலிருந்து விடவில்லை. அக்கா சொன்னபடி, வெட்டிய கிளையை ஒரு நாள் நிழலில் காயவிட்டு மணலில் நட்டேன். ஒன்று பிழைத்தது. மாசியில் புது இலை விட்டது. தொட்டியை மாடிப்படி முனையில் வைத்துவிட்டு, "வந்து தொட்டுப் பாருங்கக்கா" என்றேன்.

"இப்ப வேணாம். பச்சப்புள்ள அது. இலை பெருசாகட்டும், நானே நடந்து வர்றேன்."

அதற்கு ஒன்பதாம் நாள் காலை, காப்பி குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

உறவினர்கள் பலரிடம் செடிகள் மழையில் செத்தன என்று சொல்லியிருக்கிறேன். தொட்டிகள் வீட்டுக்குள்தான் இருந்தன, ஒரு சொட்டு மழையும் அவற்றின் மேல் படவில்லை. அக்காவிடம் நேராகச் சொல்ல வேண்டியதை, அவர் இல்லாத ஒரு வருடம் கழித்து உங்களிடம் சொல்கிறேன்.

அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் வந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், பல நாள் சமைத்துக் கொடுத்த கீழ் வீட்டாருக்கும், ஜொஹராம்மாவுக்கும், தூரத்திலிருந்து தினமும் பேசி அக்காவைச் சிரிக்கவைத்த மகளுக்கும், இறுதிக் காரியத்தில் தோள் கொடுத்த ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அக்கா மகள் வந்து சேர மறுநாள் பகல் ஆயிற்று. அக்காவைக் கீழே இறக்க வழி வேண்டும் என்றார்கள். மாடிப்படி முனையிலிருந்த தொட்டியை நான் எடுத்து ஓரமாக வைத்தேன். மண் காய்ந்திருந்தது. தண்ணீர் ஊற்றவில்லை.