லாபரட்டரிக்கு லீவு விட்ட கதை

அமிலம் அளந்துவிடும் பியூரெட் குழாயின் கண்ணாடித் திருகு அசைய மாட்டேன் என்கிறது. இரண்டு கையாலும் முறுக்குகிறேன். ‘சடக்’ என்றால் என் வேலை போச்சு. அட்டெண்டர் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், லாபரட்டரியை நடத்துவது சுலபம், கோடை லீவுக்கு மூடுவதுதான் பாடு. நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன்; புதுக்கோட்டையில் ஒரு காலேஜில் டெம்பரவரி. ஜூனில் திரும்ப எடுப்பதும் எடுக்காததும் குமாஸ்தா இஷ்டம்.

திருகு

யாரோ காஸ்டிக் சோடாவைக் கழுவாமல் விட்டிருந்தார்கள், கண்ணாடியோடு கண்ணாடி ஒட்டிக்கொண்டது. டெமான்ஸ்ட்ரேட்டர் ஐயா வந்து வெளிப்பக்கம் வெந்நீர் ஊற்றினார். வழுக்கிக்கொண்டு வந்தது! எப்படி என்று கேட்டேன். மறுபடி ஒட்டாமலிருக்க வாசலின் தடவி, நடுவில் காகிதத் துண்டு வைத்துக்கொண்டே சொன்னார்: “நீ முறுக்குனது பியூரெட்டுடா, வண்டிமாட்டு வால் இல்லை.”

காந்தம்

காந்தங்களைப் பெட்டியில் வாரிப் போட்டேன். அப்படிக் கிடந்தால் சக்தி போய்விடுமாம். சும்மா கிடப்பது எப்படி இளைக்கும்? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. வடக்கும் தெற்கும் மாற்றி அடுக்கி, இரண்டு முனையிலும் இரும்புத் துண்டு வைக்க வேண்டும். பார்த்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் சவரிமுத்து, ஆவூர்க்காரர், சொன்னார்: “எங்க வீட்டுலயும் எட்டுப் பேரு இப்படித் தலைமாத்தித்தான் படுக்கிறோம்.”

சோடியம்

கத்தியால் வெட்டினால் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும் உலோகம். வெட்டின இடம் வெள்ளியாய் மின்னி, பார்க்கப் பார்க்க மங்கும். அதனால் மண்ணெண்ணெயில் முக்கி வைப்போம். அந்த எண்ணெய் பாதியாய் வற்றிவிட்டது. சண்டைக் காலம், மண்ணெண்ணெய்க்கு ரேஷன்; ஸ்டோரில் ஒரு சொட்டு கிடையாது. டெமான்ஸ்ட்ரேட்டரும் ஊருக்கு ரயிலேறிவிட்டார். குமாஸ்தாவிடம் கேட்டேன்.

“அதைப் பின்னாடி கெணத்துல வீசிட்டுச் சாவியைக் குடு. எனக்கு பஸ்ஸு போயிரும்.”

பட்டாணி அளவுத் துண்டு தொட்டித் தண்ணீரில் ஓடி ஓடித் தீப்பிடித்து வெடித்ததை நான் பார்த்தவன். இது எலுமிச்சம்பழம் அளவு. லீவு முழுக்க அந்தக் கிணற்றில் இறைப்பது காலேஜுக்குப் பின்னாலேயே குடியிருக்கும் சவரிமுத்து வீடுதான். வெடிக்குங்க என்றேன்.

“நீ புரொபசரா? சொன்னதைச் செய்யி.”

வீட்டுக்கு ஓடி, ரேஷன் கார்டில் வாங்கி விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய் முழுவதையும் எடுத்து வந்து, சோடியம் முங்கும்வரை ஊற்றி, மூடியில் மெழுகு உருக்கி அடைத்தேன். ஆத்தா திட்டினது தெருமுனை வரை கேட்டது. குமாஸ்தா சாவிக்குக் கையை நீட்டினார்.

“வீசிட்டியா?”

“இல்லைங்க.”

“அப்ப நீ இனிமே இங்கிட்டு வராதே.”

ஜூனில் கதவைத் திறந்தபோது, நான் மூடி வைத்த சாமான்கள் எல்லாம், கிணற்றில் வீசச் சொல்லி நான் வீசாத சோடியம் உள்பட, ஒரு குறையும் இல்லாமல் வேலைக்குத் திரும்பினவாம், என்னைத் தவிர.