மண்சட்டிக் கடையில் ஒரு சிக்னல்

இன்று காலை சௌராஸ்தா மார்க்கெட்டில் மண்சட்டி வாங்கப் போனேன். அலுமினியச் சட்டி இப்போது எங்கே கிடைக்கிறது?

கடையில் தம்பையா அண்ணன் நின்றிருந்தார். ஜப்பான்காரன் வருவதற்கு முன் நாங்கள் இருவரும் தந்தி ஆபீஸில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். ஆளுக்கொரு சட்டியை எடுத்து விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தோம்.

ஒரு ஜப்பான் சிப்பாய் வந்து நின்றான். எல்லோரும் குனிந்து வணங்கினோம். அவன் அண்ணனின் விரலையே பார்த்தான்.

"இது என்ன சிக்னல்?" என்று அரைகுறை மலாயில் கேட்டான். துப்பாக்கி தோளிலிருந்து இறங்கிவிட்டது.

கடைக்கார அக்கா பதறவில்லை. "சிக்னல் எல்லாம் இல்ல துவான். விரிசல் இருக்கான்னு பார்க்கிறாங்க லா."

ஒரு சட்டியைத் தட்டினார். கணீரென்றது. "இது பாகூஸ்."

இன்னொன்றில் செத்த சத்தம் வந்தது. "இது பெச்சா."

சிப்பாய் துப்பாக்கியை மாட்டிக்கொண்டு கடைச் சட்டிகளை எல்லாம் தானே தட்டிப் பார்த்தான். இருப்பதிலேயே நன்றாக ஒலித்ததை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டான். நல்ல காது.

அவன் சந்தேகமும் சரிதான். அண்ணன் தட்டியது தந்திப் பாஷை, அதுவும் இங்கிலீஷில்: "உன் கையில் இருப்பதில் விரிசல். வாங்காதே."

திரும்பும் வழியில் கேட்டேன். "அதை வாயால சொல்லக்கூடாதா அண்ணே? உயிரே போயிருக்குமே."

"அக்கா முன்னாடி எப்படிச் சொல்றது தம்பி? மனசு நோகாதா?"

இப்படிப்பட்ட மரியாதையை வைத்துக்கொண்டு இந்தக் காலத்தில் எப்படிப் பிழைப்பது, நீங்களே சொல்லுங்கள்.