பொட்டு வைத்த கைப்பை

2008-ஆம் ஆண்டு, ஆயுத பூஜை சமயம். காக்களூர் தொழிற்பேட்டையில் உதிரி பாகங்கள் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னையிலிருந்து வந்துபோகும் மேலதிகாரி அம்மாவின் வெளிநாட்டுக் கைப்பையைப் பார்த்ததிலிருந்து எனக்கும் அதுபோல் ஒன்று வேண்டும் என்று தீராத ஆசை. புதிதாக வாங்க என் ஏழு தலைமுறை போனஸும் போதாது. அதனால் இணையத்தில் பழைய பைகளை விற்கும் பழவேற்காட்டுப் பெண் ஒருவரிடம், ஒரிஜினல்தானா என்று போனில் துளைத்தெடுத்துக் கேட்டு, அந்த வருஷ போனஸை அப்படியே கொடுத்து வாங்கினேன். சந்தேகம் வந்தால் கறை படாமல் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.

பூஜையன்று காலை பார்சல் ஆபீசுக்கே வந்தது. பையை மேஜை மேல் வைத்து அழகு பார்த்துவிட்டு, பொரிகடலைப் பொட்டலம் கட்டப் போனேன். திரும்பி வந்தால் லேத் மெஷின், கம்ப்யூட்டர், ஸ்டேப்ளரோடு என் பைக்கும் சந்தனம், குங்குமம். வைத்தவர் எங்கள் ஃபோர்மேன்.

"புதுப் பொருளாச்சேம்மா, சும்மா உட முடியுமா?" என்றார். துடைக்கத் துடைக்கத் தோலில் கறை பரவியது.

இரண்டு நாளில் பையை விற்ற பெண்ணே போன் செய்தார்.

"அக்கா, உங்க பைய எனக்கு வித்த ஆளாண்டயே வாங்குன இன்னொரு பையில ஜிப்பு சாயம் உரிஞ்சிக்கினு வருது. உங்களுதும் டூப்ளிகேட்டாதான் இருக்கும். குடுத்தவன் போனே எடுக்கல. நீங்க அனுப்பிடுங்க, பணத்த நான் போட்டுடறேன்."

கறையோடு யார் திருப்பி எடுப்பார்கள்? போனஸ் போனதுதான் என்று நினைத்துக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"பொட்டு வெச்சா டூப்ளிகேட்டு ஒரிஜினலாயிடுமா? என் பேச்ச நம்பித்தானேக்கா வாங்குனீங்க. அனுப்பி வைங்க."

பை அவரிடம் போய்ச் சேருவதற்குள் பணம் என் கணக்குக்கு வந்துவிட்டது. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், அந்தப் போலியைப் பெருமையாகத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்திருப்பேன். நஷ்டம் மொத்தமும் அவர் தலையில். முகம்கூடப் பார்க்காத அந்த மனுஷியை நினைத்தால் இன்றும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

இப்போது தோழிகள் பையின் தையலையும் ஜிப்பையும் எப்படிச் சோதிப்பது என்று என்னிடம் கேட்கிறார்கள். அதையும் பாருங்கள், ஆனால் நமக்குத் தெரியாத குறையைத் தானாகவே சொல்லும் ஆளாகப் பார்த்து வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.