அத்தை விரலால் சோதித்த ஹாரன்கள்

கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் அப்பா பைக்குகளுக்கு ஹாரன் செய்துகொண்டிருந்தார். சென்னைக் கம்பெனி ஒன்று வாங்கிக்கொள்ளும். கடைசி வேலை அப்பாவின் அக்காவுடையது. அத்தை ஒவ்வொரு ஹாரனையும் பேட்டரியில் தொட்டு அலறவிட்டு, பின்பக்கத் திருகாணியை முடுக்கிச் சத்தத்தைச் சரியாக்குவாள். அந்த அலறலுக்கு நடுவில்தான் நான் வாய்ப்பாடு படித்தேன். பாவம், அக்கம்பக்கத்தார் மத்தியானத் தூக்கத்தையே மறந்திருந்தார்கள்.

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அரசாங்க விதி கடுமையாகிறது; சத்தம் கூடினாலும் குறைந்தாலும் சரக்கு திரும்பிவிடும்; எஞ்சினீயர் நேரில் வந்து மீட்டர் வைத்துப் பார்ப்பார். அப்பாவிடம் மீட்டர் இல்லை.

"இருக்கிற ஒரே ஆர்டரும் போயிரும் போலுக்கே" என்று அம்மாவிடம் புலம்பினார்.

எஞ்சினீயர் வந்த அன்று வயிற்றுவலி என்று பொய் சொல்லி நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டேன். அவர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அத்தை இரண்டு விரல்களை ஹாரன்மேல் வைத்து, கண்ணை மூடி, மறு கையால் திருகினாள். பத்து ஹாரன்களை அவர் மீட்டரில் சோதித்தார். பத்தும் அளவுக்குள் நின்றன.

"மீட்டர் இல்லாம எப்படிம்மா?" என்று கேட்டார். அத்தை பதில் சொல்லாமல் அடுத்த ஹாரனை எடுத்தாள். கூப்பிட்டால் திரும்பாதது அவளுடைய குணம் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். நான் ஓடிப்போய்த் தோளைத் தொட்டு, அவரைக் காட்டினேன். அவர் மறுபடி கேட்டார்.

அத்தை அவர் வாயையே பார்த்திருந்துவிட்டு, "விரல்ல தெரியுமே சார். கூடக்கொறைய இருந்தா கூசும்" என்றாள்.

எஞ்சினீயர் அப்பாவைத் தனியே கூப்பிட்டு என்னவோ பேசினார். ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. ஆனாலும் அப்பாவின் முகத்தில் சந்தோஷம் இல்லை. மறுவாரமே மரப்பெட்டி ஒன்று செய்து, உள்ளே மெத்தைப் பஞ்சை அடைத்து, இனி ஹாரனை அதற்குள் வைத்துத்தான் அலறவிட வேண்டும் என்றார். காதுமூடி ஒன்றும் வாங்கி வந்து அத்தையிடம் நீட்டினார்.

"எனக்கு எதுக்குலே இனிமே? அந்தப் பிள்ளைக்குக் குடு" என்று, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணைக் காட்டிச் சிரித்தாள். அப்பா சட்டென்று வெளியே போய்விட்டார்.

நல்ல பொருளை இப்படித் தூக்கிக் கொடுத்துவிட்டாளே என்று எனக்கு ஒரே பெருமை. தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். காப்பாற்றுவதற்கு அத்தையிடம் காது மிச்சமில்லை என்பது எனக்கு அப்போது புரியவில்லை.